மைக்காக நடித்த ஜொனாதன் பேங்க்ஸ் அதற்கு முன் எங்கே இருந்தார்?

சீரியல்பித்தன்:
'பெட்டர் கால் சால்' அமெரிக்கத் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். மைக் என்ற பாத்திரமாக வரும் ஜொனாதன் பேங்க்ஸ் வயதான பிறகு நடிக்க வந்தவரா? அப்புறம் ஜான் என்பது ஜொனாதனின் சுருக்கம்தானே? வீட்டில் இதை வைத்து ஒரே சண்டை.

நள்ளிரவு_டீ:
அட, மனிதர் பழம்பெருச்சாளிங்க. 1947இல் வாஷிங்டனில் பிறந்தவர். 1980இல் வந்த 'ஏர்பிளேன்!' படத்திலேயே விமானக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஆளாக இருப்பார், 1984இல் 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தில் எடி மர்ஃபியின் நண்பனைச் சுட்டுக் கொல்லும் அடியாள் இவர்தான் (அந்த நண்பன் பெயர் மைக்கி!). 1987இல் தொடங்கிய 'வைஸ்கை' தொடரில் ஃபிராங்க் மெக்பைக் என்ற எஃப்பிஐ அதிகாரி, அதற்கு 1989இல் எம்மி (அமெரிக்க டிவி விருது) பரிந்துரையும் வந்தது. அதன் பிறகு பல வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வேஷம். 2009இல் இதன் மூலத் தொடரான 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசன் கடைசி எபிசோடுக்கு, வக்கீல் சாலாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க்கின் தேதி கிடைக்கவில்லை, சால் செய்ய வேண்டிய வேலைக்காக அவசரமாக உருவாக்கிய பாத்திரம்தான் மைக். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் செத்துக் கிடக்கும் வீட்டுக்குள் வந்து போதைச் சாமான்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, ஜெஸ்ஸியை ஓர் அறை விட்டு, ஊசித் தழும்பு தெரியாமல் முழுக்கைச் சட்டை போடச் சொல்வாரே, அந்தச் சில நிமிடத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கரிசல்காடு:
பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஜான் வேறு, ஜொனாதன் வேறு. இரண்டுமே எபிரேயப் பெயர்கள்தான், ஆனால் ஜான் 'யோகனான்', கடவுள் கருணை காட்டினார் என்று பொருள். ஜொனாதன் 'யெகோனத்தான்', கடவுள் கொடுத்தார். தமிழ் பைபிளிலும் யோவான், யோனத்தான் என்று தனித்தனியாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் ஜொனாதனை ஜான் என்று சுருக்கும்போது பெரும்பாலும் எச் போடாமல் (Jon) எழுதுவார்கள், காதில் கேட்க ஒரே மாதிரி இருப்பதால்தான் இந்தக் குழப்பம். நெதன்யாகு என்ற பெயரிலும் யெகோனத்தானில் உள்ள அதே இரண்டு துண்டுகள்தான், இடம் மாறி நிற்கின்றன. இன்னொன்று, யோனத்தான் யார் மகன்? சவுல் ராஜா மகன். சவுல் என்பதைத்தான் ஆங்கிலத்தில் சால் என்கிறார்கள்! தொடர் எடுத்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சீரியல்பித்தன்:
அப்படியானால் நான் தோற்றேன், சரி. எம்மி கிடைத்ததா இல்லையா?

நள்ளிரவு_டீ:
இல்லை. ஆறு முறை பரிந்துரை, ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. 2015இலும் 2019இலும் பீட்டர் டிங்க்லேஜ் எடுத்துக்கொண்டு போனார். டிங்க்லேஜ் நல்ல நடிகர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பெட்டர் கால் சால்' முதல் சீசன் ஆறாவது எபிசோடில் மருமகளிடம் மகன் சாவைச் சொல்லி உடைந்துபோகும் அந்தக் காட்சிக்குக் கொடுக்காத விருதை அப்புறம் எதற்குத்தான் வைத்திருக்கிறார்களோ. அடுத்து 2017இல் வந்த 'மட்பவுண்ட்' பாருங்கள், அதில் இனவெறி பிடித்த கிழவராக வருவார், மைக் மேல் வைத்த பாசமெல்லாம் பத்து நிமிடத்தில் போய்விடும்.