ஹெரிஃபோர்ட்ஷயர் குக்கிராமத்தில் பழைய ஜார்ஜியன் வீடு: வாங்கலாமா?

மழைக்குருவி:
வணக்கம். இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷயரில் பத்துப் பன்னிரண்டு வீடும் ஒரு சர்ச்சும் மட்டுமே உள்ள இடம், கடைகூடக் கிடையாது, அங்கே ஒரு செங்கல் வீடு விற்பனைக்கு வந்திருக்கிறது. 1790 வாக்கில், ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்தில் கட்டியதாம், கிரேடு 2 லிஸ்டட், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படும் பழைய கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. மேலும் கீழுமாக நகர்த்தித் திறக்கும் உயரமான சாஷ் ஜன்னல்கள், சமையலறையில் கல் தரை, பின்னால் பழைய குதிரை லாயம். பார்த்த அன்றே எனக்கும் மனைவிக்கும் மனசு அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. பின்பக்க ஜன்னல்களை மட்டும் யாரோ பிளாஸ்டிக்காக மாற்றியிருக்கிறார்கள். கேஸ் இல்லை, ஆயில் டேங்க்தான், கழிவுநீருக்கு செப்டிக் டேங்க். எங்களோடு அம்மாவும் வருவார். ஆஃபர் கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வளவுக்காரன்:
முதலில் அந்தப் பிளாஸ்டிக் ஜன்னல்கள். லிஸ்டட் என்றால் முகப்பு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு எல்லாம் அதில் அடங்கும். வளவுக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வீட்டோடு சேர்ந்திருக்கும் கட்டடங்களும் பொதுவாக அடங்கும், அதனால் உங்கள் லாயத்தையும் சேர்த்தே நினையுங்கள். வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் கவுன்சிலின் அனுமதி வேண்டும், வாங்காமல் செய்வது கிரிமினல் குற்றம். செய்தவர் முன்னாள் உரிமையாளராக இருந்தாலும், பழையபடி மாற்று என்று கவுன்சில் நோட்டீஸ் அனுப்பினால் அது இப்போதைய உரிமையாளருக்குத்தான் வரும், இத்தனை வருடம் கடந்துவிட்டது என்ற கணக்கும் அங்கே செல்லாது. அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று உங்கள் சொலிசிட்டர் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

சுண்ணாம்புக் கை:
ஈரத்தைத் தடுக்கச் சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். அந்தக் காலத்துச் செங்கல் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, நனையும், பிறகு காயும். ஊரில் தாத்தா காலத்து வீட்டுச் சுவரும் அப்படித்தானே? பின்னாளில் மேலே சிமென்ட் பூசிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் தேங்கி நிற்கும். வெளியே மண் மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள், பல வீடுகளில் காரணம் அவ்வளவுதான். பழைய கட்டடம் தெரிந்த சர்வேயரை வைத்து லெவல் 3 சர்வே, அதாவது வீட்டை முழுதாக அலசும் விரிவான ஆய்வு எடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வில்லியம் மோரிஸ் 1877-ல் தொடங்கிய ஸ்பாப் (SPAB) என்ற அமைப்பும் பழைய வீட்டுக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிறது.

செல்வி_ஷ்ராப்ஷயர்:
செப்டிக் டேங்கின் தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். ஓடைக்கோ வாய்க்காலுக்கோ நேராகப் போனால் இங்கிலாந்தில் இப்போது அதற்கு அனுமதி இல்லை, மாற்றும் செலவை விலையில் பேசிக் குறைக்க வேண்டும்.

அப்புறம் அம்மா. நாங்களும் இப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறோம், வீட்டின் மேல் எனக்கு உயிர். ஆனால் முதல் குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டுகிற மாதிரி ஆகிவிடும், நாங்கள் வேலைக்குப் போனபின் என் மாமியார் பேச ஆளில்லாமல் ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பார், கார் ஓட்டத் தெரியாதவருக்கு அங்கிருந்து எங்கும் போக முடியாது. பஸ் எத்தனை நாள் வருகிறது, டாக்டர் எவ்வளவு தூரம் என்பதை வீட்டுச் சுவருக்குச் சமமாகப் பாருங்கள்.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. செல்வி அக்கா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறோம், மழை பெய்தாலும் பரவாயில்லை, குழாய் ஒழுகுவது அப்போதுதான் தெரியும்.