திறந்த சமவெளியில் நாய்களைக் கொண்டு காட்டுப்பன்றி வேட்டை: ஆஸ்திரேலிய முறை பற்றிய ஐயங்கள்

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கோம்பை நாய் வளர்த்து வருகிறோம். ஒரு காலத்தில் அவை பன்றி வேட்டைக்குப் பேர்போனவை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அவை தோட்டக் காவலுக்கு மட்டுமே நிற்கின்றன, அதுவே முறையும் ஆகும்.

என் மைத்துனர் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, மோரீ நகருக்கு அருகிலுள்ள ஒரு பருத்திப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அங்கே காட்டுப்பன்றிகளை நாய்களை விட்டுப் பிடிப்பது சட்டப்படி நடக்கிறது என்றும், உடன் பணிபுரிபவர்கள் தம்மையும் அழைக்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடோ பாறையோ இல்லாத வெட்டவெளியாக இருக்கிறது. மலையடிவாரத்தில் பன்றியைப் புதரிலோ பாறை இடுக்கிலோ முடக்கலாம், ஆனால் தடுப்பு எதுவுமே இல்லாத சமவெளியில் நாய் பன்றியை எப்படி நிறுத்துகிறது? பன்றியைக் கொல்வது நாயா, மனிதரா? நாய்கள் கழுத்திலும் மார்பிலும் அணிந்திருக்கும் கவசம் உண்மையில் எவ்வளவு காக்கிறது? மைத்துனர் உடன் செல்வதானால் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியவை என்ன? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கரிசல்காட்டார், டப்போ

ஐயா, வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். மேற்கு நியூ சவுத் வேல்ஸில் பண்ணை இயந்திரங்கள் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன், வேட்டைக்குச் செல்லும் நண்பர்களுடன் குளிர்காலங்களில் போய்வருவேன். மோரீயைச் சுற்றியுள்ள மண் நம் ஊர்க் கரிசலேதான். காய்ந்தால் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் வண்டி நகராது. பருத்தி, சோளம், கோதுமை, கொண்டைக்கடலை எல்லாம் விளையும் அந்த மண்ணைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம், அங்கே வேட்டையைத் தீர்மானிப்பது நிலமும் நீரும்தான் என்பதே.

பன்றிக்கு உடல் வியர்த்துக் குளிராது. ஆகவே வெயில் காலத்தில் அது தண்ணீரையும் நிழலையும் விட்டு வெகுதூரம் போவதில்லை. பகலில் குவைடர் ஆற்றுச் சதுப்பிலும், லிக்னம் என்று சொல்லப்படும் முறுக்கிய குச்சிப் புதர்களிலும், ஆளுயரச் சோளக்காட்டிலும் படுத்துக் கிடந்துவிட்டு, இருட்டிய பின் வயலுக்கு வரும். திறந்தவெளி வேட்டை என்பது, இரவு மேய்ந்துவிட்டு விடியற்காலையில் புதருக்குத் திரும்பும் பன்றியை, அது புதரைச் சேர்வதற்குள் எதிர்கொள்வது. காற்று வரும் திசையை நோக்கியே வண்டியை ஓட்டுவார்கள். நாய்கள் யூட் எனப்படும் சிறு சரக்கு வண்டியின் திறந்த பின்தட்டில் நிற்கும். மோப்பம் கிடைத்தவுடன் நல்ல நாய் குரைக்காது. முன்னங்கால்களைத் தட்டின் விளிம்பில் ஊன்றி, கழுத்தை நீட்டி, மூக்கை மட்டும் மெல்ல இடமும் வலமும் அசைத்து, ஒரு திசையில் நிலைத்துவிடும். அதைக் கண்டதும் ஓட்டுநர் பேசாமல் வண்டியை அந்தப் பக்கம் திருப்புவார். அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காகவே நான் அவர்களுடன் போகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

நாய்களின் வேலை இரு வகைப்படும். ஒரு வகை பன்றியைச் சூழ்ந்து நின்று குரைத்து, அது ஓடாதபடி நிறுத்திவைக்கும், வாய் வைக்காது. மற்ற வகை காதையோ கன்னத்தையோ கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதல் வகை புதர்க்காட்டுக்கும் மலைக்கும் உகந்தது, ஏனெனில் பன்றி அங்கே முதுகை எதற்காவது கொடுத்து எதிர்த்து நிற்கும். வெட்டவெளியில் முதுகு கொடுக்க இடமில்லாததால் அது நிற்காமல் ஓடுவதையே தேர்ந்தெடுக்கும். குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் நாயால் அங்கே பயனில்லை. எனவே சமவெளிக்காரர்கள் வேகமும் பிடியும் உள்ள நாயை நாடுகிறார்கள். கிரேஹவுண்ட், டீர்ஹவுண்ட் இரத்தம் கலந்த ஸ்டாக்ஹவுண்ட் நாய்களும், புல் டெரியர், கிரேஹவுண்ட், பாயிண்டர் ஆகியவற்றைக் கலந்து 1970களில் உருவாக்கப்பட்ட புல் அராப் நாய்களும் அங்கே மிகுதி. பன்றி குறுகிய தூரத்துக்கு மிக வேகமாக ஓடும், ஆனால் விரைவில் உடல் சூடேறி மூச்சு வாங்கும். நாய் அதற்குள் எட்டிப் பிடித்துவிட வேண்டும்.

பிடிக்கும் முறையில்தான் நாயின் அறிவு தெரியும். தேர்ந்த நாய் பன்றியின் முன்னால் வராது. பக்கவாட்டில் ஓடி, காதின் அடிப்பகுதியைக் கவ்வி, தன் உடலைப் பன்றியின் தோளோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். கோரைப்பல் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வீசி வெட்டும் உறுப்பு என்பதால், தோளோடு ஒட்டிய நாயை அது எட்டுவது கடினம். இரண்டு நாய்கள் இரண்டு காதையும் பிடித்துவிட்டால் பன்றி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின் மனிதர் பின்புறமாக ஓடி வந்து, இரண்டு பின்னங்கால்களையும் தூக்கிப் பன்றியைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்னங்காலுக்குப் பின்னே கத்தியால் இதயத்தைக் குத்தி முடிப்பார். நாய் ஒட்டியிருக்கும்போது துப்பாக்கியால் சுடுவது நாய்க்கும் ஆளுக்கும் ஆபத்து. கொல்வது மனிதரின் பொறுப்பு, அதையும் தாமதமின்றிச் செய்ய வேண்டும். நாய்களை விட்டுக் கடித்துக் குதற வைப்பது சட்டப்படியும் விலங்குவதையே. அப்படி நடந்துகொள்ளும் கூட்டத்தோடு உங்கள் மைத்துனர் போகவே கூடாது.

மறுமொழி: கால்நடை மருத்துவர்

மேலே உள்ள விளக்கம் சரியானது. நான் இப்பகுதியில் மருத்துவம் பார்ப்பவன் என்பதால் நாய்க்கும் மனிதருக்கும் வரும் கேடுகளை மட்டும் சேர்க்கிறேன்.

கவசம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுத்துப்பட்டை தொண்டையையும் கழுத்து இரத்தக்குழாய்களையும் காக்கிறது. மார்புக் கவசம் முன்மார்பையும் விலாவின் முன்பகுதியையும் காக்கிறது. வயிறும் தொடை இடுக்கும் வெளியேதான் இருக்கும். கோரைப்பல் காயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியே தோலில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளைதான் தெரியும். மயக்கம் கொடுத்து ஆய்கருவியை உள்ளே செலுத்தினால், தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு முழங்கை நீளத்துக்குப் பை போல் பிரிந்து, உள்ளே மண்ணும் பன்றி மயிரும் கிடக்கும். அதைக் கழுவாமல், வடிகுழாய் வைக்காமல், வெளித்துளையை மட்டும் தைத்து அனுப்பினால் சில நாளில் சீழ் வைத்துவிடும். வயலிலேயே ஸ்டேப்ளர் கொண்டு தைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவே காரணம். நெஞ்சுக்கூட்டில் துளை விழுந்திருந்தால் ஈரத்துணியோ ஒட்டும் உறையோ கொண்டு காற்றுப் புகாமல் மூடி உடனே கொண்டுவர வேண்டும்.

இருந்தும், காயத்தைவிட வெயிலுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். மோரீயில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகைக்குச் சற்று மேல் வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஓடுகிற ஆவேசத்தில் நாய் தானாக நிற்காது, கனத்த மார்புக் கவசம் சூட்டை இன்னும் அடைத்துவைக்கும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டிப்பட்டு, பின்கால் தள்ளாடினால் அங்கேயே கவசத்தைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தண்ணீர் இல்லாமல் வண்டியைக் கிளப்புபவர்களோடு நாய் போகக்கூடாது.

அடுத்தது புருசெல்லா சூயிஸ் என்ற கிருமி. குயின்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் காட்டுப்பன்றிகளிடம் இது உள்ளது. வேட்டை நாய்க்கு விரை வீக்கம், முதுகுவலி, கருச்சிதைவு வரலாம், எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். மருந்தால் முற்றிலும் நீங்கிவிட்டதென்று உறுதியாகச் சொல்ல இயலாததால், பல நாய்களைக் கருணைக்கொலை செய்ய நேர்கிறது. மனிதருக்கு வந்துபோகும் காய்ச்சலும் இரவு வியர்வையும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் நீடிக்கும். பெரும்பாலும் பன்றியைக் கிழித்துக் குடல் எடுக்கும்போது கையிலுள்ள கீறல் வழியே தொற்றுகிறது. உங்கள் மைத்துனர் கையுறை இல்லாமல் பன்றியைத் தொடக்கூடாது, பச்சை இறைச்சியை நாய்க்குப் போடவும் கூடாது. எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸும், விலங்குகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சலும் பன்றியைக் கையாளும்போது வரக்கூடியவை. கியூ காய்ச்சலுக்கு ஆஸ்திரேலியாவில் தடுப்பூசி உண்டு, அதற்கு முன் தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பண்ணை வேலைக்கே அது தேவை என்பதால், வேட்டைக்குப் போனாலும் போகாவிட்டாலும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக 1080 என்னும் நஞ்சு. நரிக்கும் காட்டு நாய்க்கும் பன்றிக்கும் இறைச்சியிலோ தானியத்திலோ கலந்து பண்ணைகளில் வைக்கிறார்கள். நாய்க்கு மிகச் சிறிதளவே போதும், முறிமருந்து கிடையாது. நஞ்சு வைத்த நிலத்தின் வாயிலில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். பலகை இல்லை என்பதற்காக நிம்மதி அடையாமல், பக்கத்துப் பண்ணையையும் சேர்த்து உரிமையாளரிடம் கேட்டுவிட்டே நாயை இறக்க வேண்டும்.

மறுமொழி: ஆட்டுப்பண்ணை மேலாளர்

வால்கெட் பக்கம் செம்மறிப் பண்ணை ஒன்றை நிர்வகிப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். பன்றிகள் 1788இல் பிரிட்டிஷ் குடியேறிகளின் முதல் கப்பல் தொகுதியோடு இந்த நாட்டுக்கு வந்து, தப்பியும் கைவிடப்பட்டும் பெருகி, இன்று நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 45 விழுக்காட்டில் பரவியிருக்கின்றன. சினைக்காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. நல்ல மழை ஆண்டில் ஒரு பெண்பன்றி இரண்டு முறை ஈனும். பிறந்த ஆட்டுக்குட்டியைத் தோலும் எலும்புமாக முழுதும் தின்றுவிடுவதால், எத்தனை குட்டி போயிற்று என்ற கணக்குக்கூடச் சரியாகக் கிடைக்காது. இந்த நிலையில் பன்றி குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நாய் வேட்டை அதைக் குறைக்கிறதா என்றால், குறைப்பதில்லை. ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டுப் பன்றிகளையாவது அகற்றினால்தான் எண்ணிக்கை இறங்கும் என்பது இங்கே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நாய் தனியாகத் திரியும் ஆண்பன்றியை நன்றாகப் பிடிக்கும். கூட்டத்தில் விட்டால் ஒன்று பிடிபடும், மீதி சிதறி அடுத்த பண்ணைக்குப் போகும். பல நாள் தானியம் போட்டுப் பழக்கிப் பொறிவைத்துக் கூட்டத்தோடு பிடிப்பதும், ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதும்தான் கணக்கைக் குறைக்கின்றன. நாங்கள் தானியம் போட்டுப் பழக்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் யாராவது நாயை விட்டால், அந்த உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். பொறிக்கு வராத, நஞ்சைத் தொடாத பழைய ஆண்பன்றி ஒன்றிரண்டை முடிப்பதற்கு மட்டும் நான் நம்பிக்கையான வேட்டைக்காரரை அழைப்பேன்.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். உயிரோடு பன்றியைப் பிடித்து வேறிடத்தில் விடுவதும் குற்றம், ஆனாலும் வேட்டை வளம் வேண்டும் என்று அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் கோபமூட்டுவது, தொலைந்த நாயைத் தேடாமல் விட்டுப்போவது. பசியோடு திரியும் அந்த நாய் சில நாளில் செம்மறிகளைக் கடிக்கத் தொடங்கும், நான் அதைச் சுட வேண்டியிருக்கும். செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை இல்லாத நாயை என் நிலத்தில் இறக்க விடுவதில்லை.

கேள்வியாளர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவற்றை அப்படியே மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம் உண்டு. செம்மறிக்கூட்டத்தின் நடுவே ஓடும் பன்றியை மட்டும் துரத்த நாயை எப்படிப் பழக்குகிறார்கள்? எங்கள் கோம்பை நாய்க்கு அந்த அடக்கம் வருமா?

மறுமொழி: கரிசல்காட்டார், டப்போ

ஐயா, திறந்தவெளி நாயின் மதிப்பு அதன் தைரியத்தில் இல்லை, அழைத்தால் திரும்புவதில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தைரியம் இந்த இனங்களில் பிறப்பிலேயே இருக்கிறது, அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குட்டிப் பருவத்திலேயே கயிற்றில் பிடித்துச் செம்மறி, மாடு, கோழி, கங்காரு ஆகியவற்றின் நடுவே நாள்தோறும் நடத்திச் செல்வார்கள். ஆட்டை உற்றுப் பார்த்து உடல் விறைக்கும் அந்த நொடியிலேயே கண்டிப்பார்கள், பாய்ந்த பிறகு கண்டிப்பதால் பயனில்லை. நியூ சவுத் வேல்ஸில் மின்னதிர்ச்சிப் பட்டை தடைசெய்யப்பட்டது என்பதால், குரலும் கயிறும் பொறுமையும்தான் கருவிகள். ஓராண்டு நிறைவதற்கு முன் நாயைப் பன்றியிடம் விடுவதை என் நண்பர்கள் விரும்புவதில்லை, எலும்பு முற்றாத வயதில் ஒரு முறை அடிபட்டால் அந்த நாய் வாழ்நாள் முழுவதும் தயங்கும். பிடித்த பிடியை ஒரே கட்டளையில் விடக் கற்றபின்தான் மூத்த நாயோடு சேர்த்து இறக்குவார்கள்.

கோம்பைக்கு அந்தத் திறன் உண்டென்றே நம்புகிறேன். ஆனால் இந்தியாவிலிருந்து நாயை நேரடியாகக் கொண்டுவர ஆஸ்திரேலியா அனுமதிப்பதில்லை, ஆகையால் மைத்துனருக்கு அனுப்பும் எண்ணம் வேண்டாம்.

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு அன்பர்களுக்காக ஒரு குறிப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதில்லை. துரத்துவதும் விரட்டிப் பிடிப்பதும் அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். காட்டுப்பன்றியின் மேல் நாயை ஏவுவது, பன்றி தப்பிவிட்டாலும், குற்றமே. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இவை யாவும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். பயிர்ச்சேதம் ஏற்பட்டால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, இழப்பீட்டுக்காகச் சேதத்தின் படங்களையும் நில ஆவணங்களையும் இணையுங்கள்.