மான் சுட்டவர்கள், கறி வெட்டியவர்கள், விற்றவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பெர்த்ஷயர்காரன்:

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களில் மான் ஸ்டாக்கிங் (பதுங்கிப் போய்ச் சுடும் வேட்டை) போகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். கறி விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், சுட்ட மானைக் குளிரில் வைத்து வெட்டும் லார்டரில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எழுதலாம்.

ஊரில் இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "பிடித்து உள்ளே போட மாட்டார்களா?" இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே அது சரியான கேள்வி. இங்கே ஓநாய் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மானை அடித்துத் தின்ன வேறு பெரிய விலங்கும் இல்லை. ஸ்காட்லாந்தில் மட்டும் 10 லட்சத்தை நெருங்கும் அளவுக்கு மான்கள் இருக்கலாம் என்று 2020இல் வந்த அரசுக் குழுவின் அறிக்கை சொன்னது. வேலி போடாமல் ரோவன், பிர்ச் மரக்கன்று நட்டால் மான் மேய்ந்து நுனி மிஞ்சாது. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது சுட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் முதன்முதலில் விற்றது 2019 ஜனவரியில், ரோ என்ற இன மானின் பெட்டை ஒன்றை. கூடவே அந்த வருடத்துக் குட்டி ஒன்றும் நின்றது. குட்டியை முதலில் சுட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தாயை முதலில் சுட்டால் குட்டி காட்டுக்குள் ஓடிவிடும், தனியாகக் குளிரைத் தாங்காமல் பட்டினியில் செத்துப்போகும். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் உண்மையான இரக்கம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். குட்டியின் கறி எங்கள் வீட்டுக்கு. தாயை அங்கேயே குடல் நீக்கி, முதுகில் தூக்கி வந்து, தலையும் கால்களும் எடுத்து, தோலோடு மான் கறி வாங்கும் டீலரிடம் கொண்டுபோனேன். தராசில் 14 கிலோ. கிலோவுக்கு 2 பவுண்டு. 28 பவுண்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பழைய ரைஃபிள் 700, தொலைநோக்கி 500, சத்தம் குறைக்கும் குழாய் 300, இருட்டில் மானின் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கருவி 1,200, பூட்டி வைக்கும் இரும்பு அலமாரி 150, மான் வேட்டை முதல்நிலைச் சான்றிதழுக்கான பயிற்சியும் தேர்வும் 350. மொத்தம் 3,200 பவுண்டு. போலீஸ் தரும் துப்பாக்கி உரிமத்துக்கு அப்போது 88 பவுண்டு கட்டினேன். 2025 பிப்ரவரியிலிருந்து புதிதாக எடுப்பவர்களுக்கு அது 198. இதெல்லாம் ஒருமுறைச் செலவு என்று தள்ளி வைத்தாலும், காட்டுக்குப் போய்வர 80 மைல், பெட்ரோல் 12 பவுண்டு. மூன்று தடவை போனால் ஒரு மான் கிடைக்கும் என்பது என் கணக்கு. தோட்டாவையும் சேர்த்தால் ஒரு மானுக்கு 39 பவுண்டு. இப்போது கிலோவுக்கு 3 பவுண்டு தருகிறார்கள், 14 கிலோவுக்கு 42. மிச்சம் 3 பவுண்டு. குறைந்தது 15 மணி நேர வேலைக்கு.

2020 வசந்தத்தில் உணவகங்கள் மூடியபோது அந்த 3 பவுண்டும் இல்லை. என் டீலர் போனிலேயே "கொண்டு வராதே, குளிரறையில் இடமில்லை" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. இந்தக் கறி எவ்வளவு தூரம் உணவகங்களை மட்டும் நம்பி இருந்தது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சில ஜனவரிகளில் ஒரு பெரிய வேட்டை எஸ்டேட்டில் சிவப்பு மான் பெட்டைகளைக் குறைக்கும் வேலைக்கு உதவியாளாகப் போயிருக்கிறேன். இலையுதிர் காலத்தில் அங்கே கொம்புள்ள ஆண் மானைச் சுட விருந்தாளிகள் வருவார்கள். ஒரு மானுக்கு 600 பவுண்டுக்கு மேல் கொடுப்பார்கள், கறி எஸ்டேட்டுக்கே. பெட்டையைச் சுட அப்படிப் பணம் கொடுத்து வருபவர்கள் குறைவு. பனியிலும் மழையிலும் சம்பளத்துக்கு ஆள் போட்டு, எட்டுச் சக்கர வண்டியில் மலையிலிருந்து இறக்க வேண்டும். 45 கிலோ பெட்டைக்கு டீலர் தருவது சம்பளத்துக்கும் டீசலுக்கும் போதாது. ஆண் மான் வருமானம், பெட்டை செலவு. குட்டி போடுவது பெட்டை. எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் குறைக்க வேண்டியதும் பெட்டையைத்தான். பல தலைமுறையாக மலை மொட்டையாகக் கிடப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம். பெட்டையின் கறிக்கு ஒழுங்கான விலை கிடைத்தால் மலையில் மரம் வளரும். உங்கள் பக்கம் எப்படி?

குளிரறை:

அண்ணா, நான் ஹைலண்ட்ஸில் ஒரு அங்கீகாரம் பெற்ற கறிக்கூடத்தில் நான்கு சீசன் வேலை செய்தேன். சுடுபவர் கொண்டுவந்து போட்டதும் அவர் வேலை முடிந்தது, எங்கள் வேலை அங்கே ஆரம்பம். முதலில் பார்ப்பது மானை அல்ல, அதோடு கட்டியிருக்கும் அட்டையை. எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணிக்குச் சுட்டது, சுடுமுன் மான் இயல்பாக நடந்துகொண்டதா, பயிற்சி பெற்ற வேட்டையாளரின் கையெழுத்து, எண். அட்டை இல்லையென்றால் உள்ளே எடுக்க மாட்டோம். பிறகு கறியின் உள்சூடு. 7 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது.

வயிற்றில் குண்டு பட்ட மானை நாங்கள் வாங்குவதில்லை. தோளில் பட்டால் அந்தப் பக்கம் முழுக்க இரத்தம் கட்டி, வெட்டி எறிய வேண்டியிருக்கும், விலையில் கழிப்போம். அதற்காகச் சிலர் சண்டை போடுவார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் விலா நடுவில், இதயத்துக்கு மேலே, ஒரே இடத்தில் ஓட்டையோடு கொண்டுவருவார். அவர் மான்களை வெட்டும் நாள் எங்களுக்கு நல்ல நாள்.

ஒருநாள் ஒரு பெட்டையின் உடலோடு வந்த குடலில் நெறிக்கட்டிகள் வீங்கி, வெட்டினால் சீழ் மாதிரி இருந்தன. காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கொண்டுவந்தவர் காட்டிலேயே அதைக் கவனித்து, தனிப் பையில் கட்டி, அட்டையிலும் எழுதியிருந்தார். பேசாமல் குடலைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இன்னும் குறையவில்லை.

விலை பற்றி ஒன்று. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் ஆண் மான்கள் ஒரேயடியாக வந்து குவியும். இணைசேரும் பருவம் என்பதால் தின்னாமல் மெலிந்திருக்கும், வாடையும் அதிகம். குளிரறை நிரம்பினால் விலை இறங்கும். நல்ல கொழுத்த பெட்டையும் அந்த நேரத்தில் வந்தால் அதே அடிதான். டிசம்பரில் கேட்பவர்கள் கூடுவார்கள்.

சஃபோக் தம்பி:

எங்கள் பக்கம் மண்ட்ஜாக். சீனாவிலிருந்து வந்த சின்ன மான், இங்கிலாந்தின் வோபர்ன் பூங்காவிலிருந்து பரவியது. வருடம் முழுக்கக் குட்டி போடுவதால் இதற்குத் தடைக்காலமே கிடையாது. 10 கிலோகூடத் தேறாது. டீலர்களுக்கு இதில் ஆர்வமில்லை. சின்ன மானோ பெரிய மானோ, வெட்டும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், கறி மட்டும் கொஞ்சம்.

அதனால் நானே வெட்டி விற்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் வேட்டைக்கறி விற்கத் தேவைப்பட்ட கேம் டீலர் உரிமத்தை 2007இல் ஒழித்துவிட்டார்கள். கவுன்சிலில் உணவுத் தொழில் என்று பதிய வேண்டும், அதற்குக் கட்டணமில்லை. ஆனால் கழுவக்கூடிய சுவர், தனித் தொட்டி, எங்கே என்ன கெடும் என்று எழுதிய திட்டம், குளிர்ப்பெட்டியின் தினசரிக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். கராஜை மாற்றவே ஒரு கோடைக்காலம் போனது. கடைகளுக்குக் கொடுப்பதென்றால் சொந்த மாவட்டம், அக்கம்பக்கத்து மாவட்டங்கள் என்று எல்லையும் உண்டு.

10 கிலோவில் எலும்பு நீக்கினால் 5 கிலோ. முதுகுக்கறிதான் முதலில் போகும். கழுத்து, விலா, தோள் தேங்கும். அதை அரைத்து மின்ஸாக்கிக் கிலோ 9 பவுண்டுக்குப் போட்டேன், பர்கர் செய்கிற ஒரு பப் வாங்கிக்கொள்கிறது. லாபம் என்று பார்த்தால் ஒரு மானுக்கு 25, 30 பவுண்டு நிற்கிறது. தோலோடு கொடுத்த காலத்தில் இது கனவு.

கிளாஸ்கோ அண்ணன்:

நான் சமையல்காரன். அம்மம்மா வன்னியில் மான் வத்தலைத் தேனில் போட்டு வைத்த கதை சொல்லுவா. இங்கே வந்துதான் பச்சை இறைச்சியைக் கையில் எடுத்தேன். நம்மாட்கள் செய்கிற பிழை, ஆட்டிறைச்சி மாதிரிக் கொதிக்க விடுவது. தொடையிலும் முதுகிலும் கொழுப்பே இல்லை, அரை மணி நேரத்தில் கயிறாகிவிடும். முதுகைக் கல்லில் போட்டு எடுங்கள், உள்ளே சிவப்பாக இருக்கட்டும். தோளும் கழுத்தும்தான் குழம்புக்கு, மூன்று மணி நேரம், மிளகு கூட, கடைசியில் தேங்காய்ப்பால். மின்ஸில் கோலா உருண்டை செய்தால் ஆட்டுக் கொழுப்பு கொஞ்சம் சேருங்கள், இல்லாவிட்டால் உதிரும்.

ஒரு கவலை. சூப்பர் மார்க்கெட்டில் வெனிசன் (மான் இறைச்சி) என்று வாங்கிப் பார்த்தேன், நியூசிலாந்துப் பண்ணை மான். வெளியே மலை நிறைய மான் நிற்கிறது. மனம் ஆறவில்லை.

புதியவன்:

அண்ணா, படித்துவிட்டு ஆசை வந்துவிட்டது. பகுதிநேர வருமானத்துக்காக இதைத் தொடங்கலாமா?

பெர்த்ஷயர்காரன்:

வருமானத்துக்காக என்றால் வேண்டாம் தம்பி. முதல் தடை துப்பாக்கியே அல்ல, நிலம். காட்டில் உயிரோடு நிற்கும் மான் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் சுடும் உரிமை நிலத்துக்காரருக்கு. எனக்கு அந்த அனுமதி கிடைக்க இரண்டு வருடம் ஆனது. ஒரு விவசாயிக்கு வேலி கட்ட உதவி, ஆட்டுக்குட்டி பிறக்கும் பருவத்தில் இரவு கண்விழித்து, அப்புறம்தான் சாவியைக் கொடுத்தார்.

ஆனால் சஃபோக் தம்பி எழுதியதைப் படித்த பிறகு பழைய கணக்கையே நான் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். போன குளிர்காலம் 11 ரோ. எல்லாவற்றையும் தோலோடு கொடுத்திருந்தால் 462 பவுண்டு. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கி, கவுன்சிலில் பதிந்து, ஸ்காட்லாந்தில் தேவைப்பட்ட மான் கறி விற்பனை உரிமமும் வாங்கி, அதில் நான்கை மட்டும் நாங்களே வெட்டி விற்றோம். அந்த நான்கு மட்டும் 380 கொண்டுவந்தது. மீதி ஏழு டீலருக்குப் போனது, ஏனென்றால் வெட்ட ஆளுக்கு ஆறு சனிக்கிழமைதான் இருந்தது.

செம்புத் தோட்டாவுக்கும் மாறிவிட்டோம். ஈயம் சிதறிக் கறிக்குள் போகும், பெரிய கடைகளுக்குக் கொடுக்கும் டீலர்கள் பலர் ஈயத்தால் சுட்டதைத் தொடுவதில்லை. குளிரறைத் தங்கை சொன்ன அந்த ஒரே இடத்து ஓட்டைக்காகக் குறி அட்டையில் சுட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். ரோ பெட்டை சீசன் அக்டோபர் 21இல் திறக்கிறது. கிளாஸ்கோ அண்ணா, கழுத்தும் தோளும் உங்களுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று அதற்குள் சொல்லுங்கள்.