அட்டெண்டன்ஸ் மெஷின்கிட்ட மாட்டுன கதை உங்களுக்கும் இருக்கா? இங்க கொட்டுங்க

நைட்ஷிஃப்ட் ஆந்தை:
என் கதைய வச்சே ஆரம்பிக்கிறேன். இப்ப நினைச்சா சிரிப்பு வருது, அப்ப வரல. எங்க ஆபீஸ்ல ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடுறத நிறுத்திட்டு விரல் வைக்கிற மெஷின் மாட்டுனாங்க. எனக்கு அந்த மாசம் முழுக்க நைட். ராத்திரி 10 மணிக்கு உள்ள, காலைல 6 மணிக்கு வெளிய, திங்கள்ல இருந்து சனி வரைக்கும். நாலு வாரமும் ஒரு நாள் லீவு கிடையாது, ஒரு நாள் லேட் கிடையாது. சம்பளம் வந்தப்ப பாத்தா 4 நாள் ஆப்சென்ட்னு பிடிச்சிருக்காங்க. அது கூட பரவால்ல, எச்ஆர்ல இருந்து மெயில் வேற, "20 நாட்கள் தலா 16 மணி நேரம் பணியில் இருந்ததாகப் பதிவாகியுள்ளது, விளக்கம் அளிக்கவும்"னு.

எனக்கு தலையும் புரியல வாலும் புரியல. ஒரே மாசத்துல சோம்பேறியும் நாந்தான், மாடு மாதிரி உழைச்சவனும் நாந்தானா?

அப்புறம் ஐடி டீம்ல இருக்குற தம்பி ஒருத்தன் பஞ்ச் லாக்க, அதாவது யாரு எப்ப விரல் வச்சாங்கங்கிற பதிவ, எடுத்து காட்டுனான். மெஷினுக்கு ராத்திரி 12 அடிச்சா நாள் முடிஞ்சிடுதாம், ஒரு தேதில வர்ற முதல் பஞ்ச் இன், கடைசி பஞ்ச் அவுட், அவ்வளவுதான் அதுக்கு தெரியும். திங்கக்கிழமை ராத்திரி 10 மணிக்கு நான் வச்சது ஒத்த பஞ்ச், அதனால ஆப்சென்ட். செவ்வாய்க்கிழமை காலைல 6 மணிக்கு நான் வீட்டுக்கு கிளம்புறப்ப வச்சது இன், அன்னிக்கு ராத்திரி 10 மணிக்கு திரும்ப வந்து வச்சது அவுட். ஆக மொத்தம் நான் வீட்ல போர்வைய இழுத்து போத்திக்கிட்டு தூங்குன நேரம் பூரா வேலை நேரம். நெஜமா நான் வேலை பாத்தது 24 ராத்திரி, 192 மணி நேரம். மெஷின் கணக்குல 320. ஷிஃப்டுக்கு நாள் மாறுற நேரத்த மதியம் 12னு வச்சிருந்தா இந்த கூத்தே இல்ல, ஒரே ஒரு செட்டிங்.

சம்பளத்த பிடிக்கும்போது மெஷின் சொன்னத நம்புனாங்க, 16 மணி நேரம்னு சொன்னப்ப மட்டும் என்கிட்ட விளக்கம் கேட்டாங்க பாருங்க, அதுதான் இன்னிக்கும் உறுத்துது.

சம்பளக் கணக்கு அக்கா:
தம்பி, நான் அந்தப் பக்கம் உக்காந்து இருக்குறவ, பேரோல்ல, அதாவது சம்பளம் போடுற பிரிவுல, பல வருஷம் ஆச்சு. எங்கள திட்டுறதுக்கு முன்னாடி என் தப்பையும் கேட்டுக்கோ. வேலைக்கு சேந்த புதுசுல எக்செல்ல தான் எல்லாம் போடுவேன். ஒருத்தர் 7 மணி 30 நிமிஷம் வேலை பாத்தா நான் 7.30னு அடிச்சு அத அப்படியே மணி ரேட்டால பெருக்கிட்டேன். அரை மணி நேரம்னா 7.5 தான வரணும். ஒரு நாளைக்கு 12 நிமிஷக் காசு காணாம போச்சு, 26 நாளைக்கு 5 மணி 12 நிமிஷம். மேனேஜர், ஆடிட்டர் யாருமே கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சது சுத்தம் பண்ண வர்ற ஒரு அம்மா. சின்ன நோட்டுல தினமும் வந்த நேரம் போன நேரம் எழுதி வச்சிருந்தாங்க, "கண்ணு, எனக்கு படிப்பு கம்மி, ஆனா இது குறையுதே"ன்னு என் டேபிள் முன்னாடி வந்து நின்னாங்க பாரு, எனக்கு மூஞ்ச எங்க வச்சுக்கறதுன்னே தெரியல. எல்லாருக்கும் திரும்ப கணக்கு போட்டு குடுத்தோம்.

இன்னொன்னும் சொல்றேன், எக்செல்ல ஒரு வாரத்து நேரத்த கூட்டுனா 40 மணி நேரம் 16ன்னு காட்டும், ஏன்னா 24 தாண்டுனதும் அது அடுத்த நாள்னு நினைச்சுக்கும். ஃபார்மேட்ல மணிக்கான எழுத்த சதுர அடைப்புக்குள்ள போட்டாதான் 40 தெரியும். இது தெரியாம எத்தன பேருக்கு ஓவர்டைம் காசு போச்சோ.

கால்மணி கணக்கன்:
அக்கா உங்களோடதாவது தெரியாம நடந்தது. நான் முன்னாடி இருந்த இடத்துல தெரிஞ்சே பண்ணாங்க. 15 நிமிஷத்துக்கு ரவுண்ட் பண்ணுவாங்க, ஆனா ஒரு பக்கமா மட்டும். 9:01க்கு வந்தா 9:15னு விழும், 6:14க்கு கிளம்புனா 6 மணின்னு விழும். ஒரு நாள்ல 28 நிமிஷம் அப்படியே முழுங்கிடும். கேட்டா "சிஸ்டம் அப்படித்தான் சார்"னு பதில். சிஸ்டம் என்ன வானத்துல இருந்தா குதிச்சுது, அந்த ரூல நம்மள மாதிரி ஒரு ஆளு தான உக்காந்து போட்டிருப்பான்.

அமெரிக்காவுல ஃபெடரல் விதியில கூட கால் மணிக்கு ரவுண்ட் பண்ணலாம்னு இருக்கு, ஆனா நாளடைவுல பாத்தா வேலை செஞ்ச நேரம் முழுசுக்கும் காசு போய் சேந்திருக்கணும். அதனால 7 நிமிஷம் வரைக்கும் கீழ தள்ளுனா 8 நிமிஷத்துல இருந்து மேல ஏத்தணும். இப்படி ஒத்த பக்கமா ஓடுற கடிகாரத்துக்கு அங்கயும் இடம் இல்ல.

தேஞ்ச ரேகை:
எனக்கு பிரச்சனையே விரல்தான். சிமென்ட், கெமிக்கல்னு கையில பட்டுக்கிட்டே இருக்குற வேலை, ரேகை பூரா தேஞ்சு போச்சு. மெஷின் நம்ம விரல போட்டோவா வச்சு பாக்குறதில்லயாம், ரேகை எங்க முடியுது எங்க பிரியுதுன்னு புள்ளிகள எடுத்து ஒரு கணக்கா வச்சுக்குமாம், அந்த புள்ளியே இல்லன்னா அது என்ன பண்ணும் பாவம். காலைல வரிசைல நான் நின்னா பின்னாடி இருக்குறவங்க எல்லாம் உச்சு கொட்டுவாங்க. துடைச்சு வை, ஊதி வை, ஈரமாக்கி வை, ஆளுக்கு ஒரு வைத்தியம். 8:58க்கு வந்து நிப்பேன், மெஷின் என்ன ஒத்துக்கும்போது 9:04. லேட் மார்க்.

கம்ப்ளெயின்ட் பண்ணி பண்ணி கடைசில மெஷினோட கண்டிப்ப கொறச்சு வச்சாங்க. மறுநாள் விரல வைக்கிறேன், டக்குனு பச்சை லைட், ஆனா ஸ்க்ரீன்ல ஸ்டோர்ல வேலை பாக்குற இன்னொருத்தர் பேரு! அவரு அன்னிக்கு லீவு. அவருக்கு பிரசென்ட், எனக்கு ஆப்சென்ட். கண்டிப்பா வச்சா நம்மள வெளிய நிறுத்தும், தளத்துனா கண்டவனையும் உள்ள விடும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் பிடிக்க அவங்களுக்கு மூணு மாசம் ஆச்சு. இப்ப எனக்கு மட்டும் கார்டு குடுத்திருக்காங்க. புதுசா சேர்றவங்களுக்கு ஒன்னு சொல்றேன், பதியும்போதே ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல் குடுத்துடுங்க, ஒன்னு வெட்டு பட்டாலும் இன்னொன்னு இருக்கும்.

ஓரமா நிக்கிறவன்:
அண்ணா, அந்த ரேகைய எடுக்கும்போது உங்ககிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களா? அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 2008லயே சட்டம் போட்டுட்டாங்க, எழுத்துல சொல்லி எழுத்துல சம்மதம் வாங்காம ரேகை எடுக்கக் கூடாதுன்னு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம், விரல எங்க போய் மாத்துறது.

தேஞ்ச ரேகை:
கேக்கல தம்பி. "விரல வை"ன்னாங்க, வச்சேன்.

வீட்லருந்து வேலை:
நீங்கல்லாம் வாசல்ல நடந்த கதைய சொல்றீங்க, எனக்கு மெஷின் லேப்டாப்புக்குள்ளயே உக்காந்திருக்கு. 10 நிமிஷத்துக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், மவுஸ் ஆடலன்னா ஐடில், அதாவது சும்மா உக்காந்திருக்கேன்னு கணக்கு. ஒரு நாள் ஒரு பெரிய சிக்கல பேப்பர்ல வரைஞ்சு வரைஞ்சு யோசிச்சு முடிச்சேன், அந்த மாசத்துலயே நான் உருப்படியா வேலை பாத்த நாள் அதுதான்னு சொல்லுவேன், ரிப்போர்ட்ல 5 மணி நேரம் ஐடில்னு சிவப்பு கலர்ல வந்துச்சு. அதே டீம்ல ஒருத்தன் முள்ளு ஓடுற வாட்ச் மேல மவுஸ வச்சுட்டு போயிடுவான், செகண்ட் முள்ளு ஓட ஓட கர்சர் லேசா ஆடும், அவன் 98 சதவீதம் ஆக்டிவ். நானும் ஒரு வாட்ச் வாங்கலாமான்னு யோசிச்சது உண்மை. வாங்குனேனான்னு கேக்காதீங்க.

டீம்லீட் புலம்பல்:
எல்லாரும் மெஷின திட்டுறீங்க, கொஞ்சம் எங்க கஷ்டத்தையும் கேளுங்க. கார்டு சிஸ்டம் இருந்தப்ப ஒரு தம்பி பாக்கெட்ல 7 கார்டு வச்சிருந்தான், சீட்டு குலுக்குற மாதிரி வரிசையா தேய்ச்சுட்டு போவான். அந்த 7 பேர்ல 3 பேரு மத்தியானம்தான் வருவாங்க, அவங்க வேலையும் சேத்து நேரத்துக்கு வந்தவன் பாத்தான். அவன் யார்கிட்ட போய் சொல்லுவான்?

அதோட, பதிவுங்கிறது முதலாளிக்கு மட்டும் இல்லங்க. நான் சாதாரண ஸ்டாஃபா இருந்தப்ப தினம் ரெண்டு மணி நேரம் கூட இருந்து வேலை பாத்தேன், ஓவர்டைம் காசு கேட்டப்ப "நீங்களா இருந்தீங்க, நாங்க சொன்னோமா"ன்னு கேட்டாங்க. செக்யூரிட்டி கேட் ரிஜிஸ்டர்ல நான் கிளம்புன நேரம் இருந்துச்சு, அத காட்டுனதும் பேச்சு நின்னுச்சு, காசு வந்துச்சு. 1919ல வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்போட முதல் உடன்படிக்கை தான நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணின்னு சொன்னது, அதுலயே கூடுதல் நேரத்த முதலாளி எழுதி வைக்கணும்னு இருக்கு. ஸ்பெயின்ல 2019ல இருந்து தினமும் ஒவ்வொருத்தரும் வந்த நேரம் போன நேரம் பதியணும், 4 வருஷம் வச்சிருக்கணும். அதே வருஷம் மே மாசம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் தினசரி வேலை நேரத்த அளக்குற ஏற்பாடு கட்டாயம்னு தீர்ப்பு சொன்னுச்சு, அந்த கேஸ போட்டது தொழிற்சங்கம். புரியுதா, மெஷின் வைங்கன்னு கேட்டது நம்ம பக்கத்து ஆளுங்கதான்.

கால்மணி கணக்கன்:
சரி சார், ஒத்துக்கறேன். ஆனா அந்த பதிவு நமக்கும் தெரியணும்ல? எங்க இடத்துல லாக் கேட்டா "கான்ஃபிடென்ஷியல்"னாங்க. என் நேரம் எனக்கே கான்ஃபிடென்ஷியலா?

பழைய இரும்பு:
சும்மா ஒரு துணுக்கு. இந்த பஞ்ச் மெஷின 1888ல கண்டுபிடிச்சது வில்லார்ட் பண்டின்னு ஒரு நகைக்கடைக்காரரு, நியூயார்க் மாநிலத்துல ஆபர்ன்ங்கிற ஊரு. ஆளுக்கு ஒரு நம்பர் போட்ட சாவி, அத சொருகுனா நேரத்தோட பேப்பர்ல பதியும். அவங்க கம்பெனி கைமாறி, மத்ததோட சேந்து, 1924ல ஐபிஎம்னு பேரு மாத்திக்கிச்சு. அந்த காலத்துலயும் ஒருத்தன் ஏழு சாவிய வச்சுக்கிட்டு நின்னிருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சம்பளக் கணக்கு அக்கா:
ஆந்தை தம்பி, உன் 4 நாள் காசு வந்துச்சா இல்லையா, அத சொல்லாமயே போயிட்ட.

நைட்ஷிஃப்ட் ஆந்தை:
வந்துச்சு அக்கா, ரெண்டு மாசம் கழிச்சு அரியரா. ஆனா பேரோல்ல மட்டும்தான் திருத்துனாங்க போல, மெஷினோட பழைய டேட்டாவ யாரும் தொடல. வருஷக் கடைசி மீட்டிங்ல "அதிக நேரம் உழைத்த ஊழியர்"னு ஸ்க்ரீன்ல லிஸ்ட் போட்டாங்க, முதல் பேரு என்னோடது. மேடைக்கு கூப்பிட்டு கை குலுக்கி சர்டிஃபிகேட் குடுத்தாரு எச்ஆர் மேனேஜர், அந்த மெயில் அனுப்புன அதே சார். அவருக்கும் ஞாபகம் வந்துருச்சுன்னு மூஞ்சிலயே தெரிஞ்சுது, ரெண்டு பேரும் ஒன்னும் பேசிக்கல. ஃப்ரேம் போட்டு வீட்ல கட்டிலுக்கு நேர் மேல மாட்டி வச்சிருக்கேன்.