மொறிஸ் மைனர் புளொக்: 948ஆ, 1098ஆ? ஸ்லீவ் போடுறதா, எஞ்சினையே மாத்திறதா?

பரந்தன் மைனர்:
1958 மொறிஸ் மைனர் 1000, பதிவுப் புத்தகத்தில 948 சிசி. பழைய புளொக் (சிலிண்டர் இருக்கிற எஞ்சின் உடல்) வெடிச்சுப்போச்சு. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொட்டிலுக்க கிடந்த புளொக் ஒண்டு கிராங்க் (பிஸ்ரனால சுத்துற தண்டு), பிஸ்ரனோட கிடைச்சிருக்கு. வித்தவர் 1098 எண்டுறார். டைனமோவுக்கு மேல இருக்கவேண்டிய நம்பர் தகடு இல்லை, றிவெற் ஓட்டைதான் இருக்கு. வேணியர் வைச்சுப் பாத்தா போர், அதாவது சிலிண்டர் துளையின்ர விட்டம், 64.6 மி.மீ. அப்ப 1098 தானே? ரீபோர் அடிச்சு (துளையைப் பெருப்பிச்சு வெட்டி) பூட்டலாமா?

மாங்குளம் கராஜ்:
தம்பி, காசைக் கரைக்காதேங்கோ. அந்தப் பக்கத்து மைனருகள் தொண்ணூறுகளில, தடை இருந்த காலத்தில, மண்ணெண்ணெயில ஓடினதுகள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானபிறகு மண்ணெண்ணெய். அது முழுசா ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் ரிங்கைத் தாண்டிச் சம்புக்க (கீழ ஒயில் நிக்கிற தொட்டி) இறங்கும். மேல போர் தேயும், கீழ ஒயில் தண்ணியாகிப் பெயரிங் தேயும். நொக்கிங்கால பிஸ்ரனில ரிங் காடியும் உடைஞ்சிருக்கும். நிசான் ஏ12 எஞ்சின் ஒண்டைப் பூட்டுங்கோ. 1171 சிசி, கிராங்குக்கு 5 மெயின் பெயரிங். மைனருக்கு 3 தான்.

வவுனியா லேத்:
மண்ணெண்ணெயைப் பற்றிச் சொன்னது சரி. ஆனா புளொக் என்னெண்டு தெரியாமல் எறியவும் ஏலாது, பூட்டவும் ஏலாது. 64.6 எண்ட உடன 1098 எண்டு நினைக்காதேங்கோ தம்பி. ஆக்கள் பிழைவிடுற இடமே அதுதான்.

948இன்ர ஸ்ராண்டட் போர் 2.478 அங்குலம், 1098க்கு 2.543. 948ஐ 60 தௌ, அதாவது அங்குலத்தில ஆயிரத்தில 60 பங்கு, பெருப்பிச்சு வெட்டினா 2.538 வரும். புது 1098க்கும் அதுக்கும் 5 தௌ தான் வித்தியாசம். அதுக்கு மேல இன்னும் 5 தௌ தேஞ்சிருந்தா வேணியரில ரெண்டும் ஒண்டுதான்.

அதால மூண்டு இடம் பாருங்கோ. சிலிண்டர் வாயில, ரிங் ஏறாத ஒரு சின்ன வளையம் தேயாமல் நிக்கும். விரல் நகத்தால கீழயிருந்து மேல இழுத்தா அந்த வரம்பில தடக்கும். கரியைச் சுரண்டிப்போட்டு, போர் கேஜால அந்த வளையத்துக்குள்ள அளவுங்கோ. அதுதான் கடைசியா வெட்டின அளவு. ரெண்டாவது, பிஸ்ரன் தலை. கரியைத் துடைச்சா 020, 040, 060 எண்டு ஏதும் அடிச்சிருக்கும். மூண்டாவது ஸ்ரோக், அதாவது பிஸ்ரன் மேலயிருந்து கீழ ஓடுற தூரம். பிஸ்ரனை மேல நிப்பாட்டி புளொக் முகத்திலயிருந்து ஆழம் அளந்து, கீழ நிப்பாட்டித் திரும்ப அளந்து கழியுங்கோ. 948க்கு 76.2 மி.மீ., 1098க்கு 83.7. ஏழரை மி.மீ. வித்தியாசம் சாதாரண அடிமட்டத்திலயே தெரியும். கிராங்க் வேற எஞ்சினில இருந்து வந்ததாயும் இருக்கலாம், அதால மூண்டும் ஒத்துவரவேணும்.

முள்ளியவளை:
தகட்டைப் பற்றி ஒண்டு. 9எம் எண்டு தொடங்கினா 948 மைனர், 10எம்ஏ எண்டா 1098. நம்பருக்கு முன்னால எச் இருந்தா கூடின கொம்பிறெஷன், எல் எண்டா குறைஞ்சது. ஆனா தகடு றிவெற்றிலதான் நிக்குது, கழட்டி வேற புளொக்கில அடிக்கலாம். தகடு இருந்தாலும் அளந்துதான் பாக்கவேணும். இல்லையெண்டா எங்கயோ கிடந்த தகட்டைத் தேடிப்பிடிச்சு அடிக்காதேங்கோ. வித்தவரிட்ட கையெழுத்தோட துண்டு வாங்கி வையுங்கோ.

1098 எண்டு வந்தா இன்னொரு சிக்கல். அதுக்கு 7¼ அங்குலக் கிளச், 948க்கு 6¼. பெரிய கிளச் பழைய கியர்பொக்ஸின்ர பெல் ஹவுசிங்குக்க அடங்காது, கியர்பொக்ஸையும் சேர்த்து மாத்தவேணும்.

பரந்தன் மைனர்:
அளந்தாச்சு. வாயில 2.538. வரம்புக்குக் கீழ 2.547. அடியில 2.539. ஸ்ரோக் 76 மி.மீ. பிஸ்ரன் தலையில 060.

மாங்குளம் கராஜ்:
பாத்தீங்களோ. 948, அதுவும் 60 வரை வெட்டி முடிஞ்சது, அதுக்கு மேல 9 தௌ தேய்மானம். இனி வெட்ட இடமில்லை. ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இறக்கிற புது உருளை) போட்ட புளொக் பிறகு சூடேறும், ஸ்லீவ் கீழ இறங்கும். இப்பிடி வந்து நிண்ட எஞ்சினுகள் எத்தினை.

வவுனியா லேத்:
அண்ணை, அதுகள் ஏன் சூடேறினது எண்டு பாக்கவேணும். காரணம் ரெண்டு. ஒண்டு, ஸ்லீவுக்கு வெட்டின துளை கரடுமுரடா இருந்தா ஸ்லீவுக்கும் புளொக்குக்கும் இடையில காத்து நிக்கும், சூடு தண்ணிக்குப் போகாது. மற்றது எங்கட தண்ணி. வன்னிக் குழாய்க்கிணத்துத் தண்ணியைக் காலங்காலமா ரேடியேற்றருக்கு விட்டா, நாலாம் சிலிண்டருக்குப் பின்பக்கம் சுண்ணாம்பும் துருவும் கல்லுமாதிரி இறுகியிருக்கும். புளொக்கின்ர பின்பக்க வடிகால் குழாயைத் திறந்து பாருங்கோ. ஒண்டும் வராட்டி கம்பியை விட்டுக் கிண்டுங்கோ, மண்ணிறச் சேறுதான் விழும்.

முள்ளியவளை:
கோஸ்ரிக் சோடாவில அவிச்சா அது கரையாதோ?

வவுனியா லேத்:
கரையாது. கோஸ்ரிக் கிறீசையும் கரியையும் பெயின்றையும் எடுக்கும், சுண்ணாம்பைத் தொடாது. பக்கத்து வெல்ஷ் பிளக்குகளை (புளொக்கின்ர தண்ணி ஓட்டைகளை அடைக்கிற மூடிகள்) எல்லாம் தட்டி எடுத்து, ஓட்டைக்குள்ளால கம்பியால கிண்டி, பிறகு சிற்றிக் அமிலம் கரைச்ச சுடுதண்ணியில ஊறவிடவேணும். கோஸ்ரிக் தொட்டிக்குள்ள பிஸ்ரனைப் போட்டுடாதேங்கோ, அலுமினியத்தைத் தின்னும். கேம் பெயரிங்கில வெள்ளை உலோகம் இருந்தா அதையும் முதலே எடுக்கவேணும். ஒயில் பாதைப் பித்தளை பிளக்குகளைக் கழட்டாமல் கழுவினா கழுவாததுக்குச் சமன்.

துப்பரவாக்கினபிறகு, ஸ்லீவுக்குக் காசு குடுக்க முதல், வெடிப்புப் பாருங்கோ. 1–2, 3–4 சிலிண்டருகளுக்கு இடையில சுவர் ஒடுக்கம். மண்ணெண்ணெய் பூசிப் பத்து நிமிசம் விட்டு, நல்லாத் துடைச்சு, சோக்குத்தூள் தூவினா, வெடிப்பு இருக்கிற இடத்தில ஈரம் ஊறிக் கோடு தெரியும். அதுக்குப் பிறகு மேல தகடு பூட்டி, தண்ணிக்குள்ள வைச்சுக் காத்தடிச்சுக் குமிழி பாக்கவேணும். வெடிப்பெண்டா புளொக்கை விடுங்கோ, அதில நானும் மாங்குளம் அண்ணையின்ர பக்கம்தான்.

வெடிப்பில்லையெண்டா நாலுக்கும் ஸ்லீவ். துளை ஸ்லீவைவிட 2–3 தௌ சிறுசா இருக்கவேணும், அடியில ஒரு சின்னப் படி விடவேணும். அந்தப் படி இல்லாததுதான் கீழ இறங்கினது. ஒரு துளை வெட்டி, அதுக்கு ஸ்லீவ் இறக்கி, பிறகுதான் அடுத்தது. நாலையும் முதலே வெட்டினா இடைச்சுவர் வளையும். கடைசியா உள்ளுக்கு 2.478க்கு வெட்டி, ஹோன் அடிச்சு (அரைப்புக்கல்லால சுவரைத் தேய்ச்சு), புளொக் முகத்தை மட்டம் சீவினா, ஸ்ராண்டட் பிஸ்ரன் போடலாம். பிறகு 20 தௌ வெட்டவும் இடம் மிச்சம்.

மாங்குளம் கராஜ்:
அப்பிடி வெட்டுற லேத் கிடைச்சா சரி. ஆனா கிராங்கை மறந்திட்டீங்கள். பின் மெயினில ஒயில் சீலே இல்லாத எஞ்சின் இது, கிராங்கில வெட்டின புரிதான் ஒயிலைத் திருப்பி அனுப்புது. பெயரிங் தேஞ்சு, ரிங்கால காத்தும் இறங்கினா ஒயில் நேர கிளச்சுக்குத்தான். கிளச் பிளேற் மாத்தி மாத்திக் களைச்ச ஆக்கள் இருக்கினம்.

வவுனியா லேத்:
முழுக்கச் சரி. கிராங்கை ஒவ்வொரு ஜேர்ணலிலயும் (பெயரிங்குக்குள்ள சுத்துற இடம்) ரெண்டு திசையில அளவுங்கோ, 1 தௌவுக்கு மேல முட்டை வடிவமெண்டா கிறைண்ட் பண்ணவேணும். மெயின் மூடிகளை இடம் மாத்தவோ அரத்தால ராவவோ கூடாது, அந்தப் புளொக்கில பூட்டினபடியே துளைச்சதுகள். மெயின் போல்ற் 60 இறாத்தல்-அடி, கொன்றொட் 35, ஹெட் நட் 40 நடுவிலயிருந்து வெளிய. ரிங் இடைவெளி 10 தௌ அளவு, ஒவ்வொரு ரிங்கையும் அதுபோற சிலிண்டருக்குள்ள வைச்சு அளந்து போடுங்கோ. ஹோன் அடிச்ச போரைச் சவர்க்காரச் சுடுதண்ணியால கழுவி, வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை துடைக்கவேணும். பெற்றோலால துடைச்சா அரைப்புத்தூள் போகாது, புது ரிங்கைத்தான் தின்னும்.

முள்ளியவளை:
ஏ12 பூட்டுறதெண்டா மவுண்ட், கியர்பொக்ஸ், புறொப்பெலர் ஷாஃப்ட் எல்லாம் மாறும். புத்தகத்தில எஞ்சின் நம்பரும் சிசியும் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியவேணும். இந்தப் புளொக்கிலயும் நம்பர் பிரச்சினை இருக்கு, ஆனா சிசி 948 தான்.

மாங்குளம் கராஜ்:
ஏ9இல ஒவ்வொரு நாளும் ஓடப்போற காரெண்டா நான் இப்பவும் ஏ12 எண்டுதான் சொல்லுவன். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் எடுக்கிற காரெண்டா ஸ்லீவ் போடட்டும்.

பரந்தன் மைனர்:
கிழமைக்கு ரெண்டு தரம் கிளிநொச்சிச் சந்தைக்கு மட்டும்தான். சோக்குத்தூள் சோதனை செய்துபோட்டு எழுதுறன்.

வவுனியா லேத்:
சரி தம்பி. ஸ்லீவ் போட்டுப் பூட்டினா, முதல் ஸ்ராட்டுக்கு முன்னால ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டிவிட்டு, ஒயில் பிறெஷர் ஏறும்வரை சுத்துங்கோ. ஹெட் நட்டை எஞ்சின் ஒருக்காச் சூடாகி ஆறினபிறகு திரும்ப இறுக்கி, தப்பெட் (வால்வு) இடைவெளி 12 தௌ வையுங்கோ. ரேடியேற்றருக்கு மழைத்தண்ணியும் கூலன்ரும் மட்டும். முதல் ஒயிலை 800 கிலோமீற்றரில மாத்துங்கோ.