பின்னங்களைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவர மென்பொருள்: உங்கள் அனுபவம்?

பின்னக்காரன்:
மாக்ஸிமா என்ற இயற்கணித மென்பொருளில் நடந்தது. 1/(க²−க) + 1/(க²−1) சேர்க்க வேண்டும் (தமிழில் தட்டுவதால் மாறி ‘க’). பெயரை நம்பி ‘கம்பைன்’ கட்டளை கொடுத்தேன். கொடுத்தது அப்படியே திரும்பி வந்தது! பகுதி ஒன்றாக இருக்கும் உறுப்புகளை மட்டும்தான் சேர்க்குமாம். சரி, ‘எக்ஸ்த்ரூ’ போட்டால் மேலே 2க²−க−1, கீழே (க²−1)(க²−க). இரண்டு பகுதியிலும் க−1 உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியவேயில்லை. இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மடக்கை:
எக்ஸ்த்ரூவைத் திட்டாதீர்கள். வெளிப்படையாக எழுதப்பட்ட காரணியை மட்டுமே அது அடிக்கும், கையேட்டிலேயே இருக்கிறது. எனக்கு, பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் இயற்கணிதத் தொகுப்பான சிம்பையில்தான் கடுப்பு. (1/3)*க என்று எழுதியதும் பைத்தான் முந்திக்கொண்டு வகுத்துவிட, விடை முழுக்க 0.333333333333333. க/3 என்றால் இந்தத் தொல்லை இல்லை.
உங்களுக்கு: மாக்ஸிமாவில் ‘ராட்சிம்ப்’ போடுங்கள், (2க+1)/(க³−க) வரும். பகுதியைப் பெருக்கி விரித்துவிடும், அது அதன் பழக்கம். அதன்மேல் ‘ஃபேக்டர்’ கொடுத்தால் க(க−1)(க+1) என்று காரணிகளாக நிற்கும். பெரிய கோவையாக இருந்தால் ஒவ்வொரு பகுதியையும் முதலிலேயே காரணிப்படுத்திவிட்டு, அப்புறம் எக்ஸ்த்ரூ. விரிக்காமலே வேலை முடியும்.

சுழியம்:
சுருங்கவில்லை என்று அழுகிறீர்கள், எனக்குச் சுருங்கியதுதான் வினை. 1/(க−1) − 2/(க²−1) = 1/2. இடப்பக்கத்தைச் சுருக்கச் சொன்னேன், அழகாக 1/(க+1) என்றது. தீர்வு க = 1. பாடம் கேட்டுக்கொண்டிருந்த பெண் அதை முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, “கீழே பூஜ்ஜியம் வருதே?” என்றாள். உண்மையில் அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. திரையில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

மடக்கை:
எச்சரிக்கை எதற்கு? விகிதமுறு கோவைகளாக இரண்டும் சமம்தான், அது செய்தது சரி.

சுழியம்:
கோவையாகச் சமம், ஒத்துக்கொள்கிறேன். க = 1 இல் ஒன்றுக்கு மதிப்பே இல்லை, மற்றதற்கு 1/2. சமன்பாடு தீர்ப்பவருக்கு இதில் எது முக்கியம்?

வகுத்தி:
இருவரும் நிறுத்துங்கள். சுருக்கியதைத் தீர்க்கக் கொடுக்காமல் மூலச் சமன்பாட்டையே கொடுங்கள். சிம்பையின் ‘சால்வ்’ பகுதியைப் பூஜ்ஜியமாக்கும் விடைகளை இயல்பாகவே தள்ளிவிடும். ‘செக்’ என்ற தெரிவை மட்டும் அணைக்காதீர்கள்.