ரிடையர்மென்ட் ஃபங்ஷன்ல அந்த ஆளு பார்த்த வேலையப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க

போன வாரம் எங்க மெயின்டனன்ஸ்ல ஒரு சீனியர் ஃபிட்டருக்கு சென்ட்-ஆஃப் வச்சாங்க. மேடை, மைக், பேனர் எல்லாம் ஓகே. ஆனா டைம் மதியம் மூணு மணி. ஏ ஷிப்ட் ரெண்டு மணிக்கே கிளம்பிருச்சு, பி ஷிப்ட் மெஷின விட்டு வர முடியாது, அப்போ ஹால்ல யாரு இருப்பா, ஆபீஸ் ஸ்டாஃப் தான், அதுல பாதி பேருக்கு அவரு முகமே தெரியாது. ஹெச்ஆர்ல ஒருத்தர் "அர்ப்பணிப்பு, கடின உழைப்பு, விசுவாசம்"னு படிச்சாரு. பேர மட்டும் மாத்திட்டு அடுத்த மாசம் ஸ்டோர் கிளார்க்குக்கும் அதையே படிக்கலாம்.

அந்த மனுஷன் பெரிய மோட்டார் ஓடிட்டு இருக்கும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவர் நுனிய பேரிங் ஹவுசிங் மேல வச்சு, கைப்பிடிய காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்திட்டு நிப்பாரு. கொஞ்ச நேரத்துல "கிரீஸ் இல்ல, அவ்ளோ தான்"ம்பாரு, இல்லன்னா "அவுட்டர் ரேஸ் போயிருச்சு, ஸ்பேர் எடுத்து வைங்க, லைன் நிக்கற அன்னைக்குப் பாத்துக்கலாம்"ம்பாரு. அவுட்டர் ரேஸ்னா பேரிங்கோட வெளி வளையம். இப்போ வைப்ரேஷன் மீட்டர் இருக்கு, ஆனா அது வெறும் நம்பர் தான் காட்டும், எந்த ரேஸ்னு தெரியணும்னா ஸ்பெக்ட்ரம், அதாவது அதிர்வ அலைவரிசை வாரியா பிரிச்சுக் காட்டற கிராஃப், பாக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். இத மேடையில ஒருத்தர் சொல்லிருந்தா போதும்ங்க. உங்க பக்கம் எப்படி? நல்லா நடந்த கதை இருந்தாலும் போடுங்க.

பிரஸ் ஷாப் ஆளு:
எங்க கதை வேற மாதிரி. பவர் பிரஸ்லயே வாழ்க்கை பூரா ஓட்டினவரு. அவரு சேர்ந்த காலத்துல இயர் பிளக்லாம் யாரும் கொடுக்கல. நியோஷ் (அமெரிக்காவோட தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தான், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், பிரஸ் ஷாப்ல அதெல்லாம் எந்த மூலைக்கு. ஃபங்ஷன்ல பிளான்ட் ஹெட் அவர ஆஹா ஓஹோன்னு புகழ்றாரு, இவருக்கு ஒண்ணும் கேக்கல, பக்கத்துல அவரு சம்சாரம் காதுல கத்தி கத்தி சொல்லிட்டு இருக்காங்க, "நல்லா உழைச்சீங்களாம்!"னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

ஹீட் ட்ரீட்மென்ட்:
நல்ல கதை ஒண்ணு. எங்க சீனியர் டெம்பரிங்ல (கடினமாக்கின ஸ்டீல் உடையாம இருக்க திரும்ப லேசா சூடு பண்றது) கலர் பாத்தே சூட்ட சொல்லுவாரு. பாலிஷ் பண்ண ஸ்டீல் சூடாக ஆக மேல ஆக்சைடு தடிக்கும், 220 டிகிரி பக்கம் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பிரவுன், ஊதா, 300 கிட்ட நீலம். கட்டிங் டூல்னா மஞ்சள்ல நிறுத்தணும், ஸ்பிரிங்னா நீலம் வரைக்கும் விடலாம். தெர்மோகப்பிள், அதான் சூடு அளக்கற சென்சார், ஃபர்னஸ் சூட்ட தான் சொல்லும், பீஸ் சூட்ட சொல்லாதுன்னு ஓயாம சொல்லுவாரு. மேனேஜர் புத்திசாலி, கடைசி சில மாசம் அவர புரொடக்‌ஷன்ல போடாம ரெண்டு பசங்களுக்கு கத்துக்கொடுக்க விட்டாரு. கடைசி நாள் பசங்க தனியா ஒரு பேட்ச் எடுத்தாங்க, இவரு கை கட்டிட்டு நின்னாரு, ஹார்ட்னஸ் டெஸ்ட் ஓகே ஆனதும் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்ல கையெழுத்து போட்டாரு. அதுக்கு அப்புறம் தான் மெமெண்டோ எல்லாம். அந்த ஷீட்ட ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு கொண்டு போனாரு, மெமெண்டோவ மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு, பையன் வந்து வாங்கிட்டுப் போனான் 😄

கன்வேயர் செக்‌ஷன்:
எல்லாரும் பர்மனென்ட் ஆளுங்க கதையா சொல்றீங்க. எங்க செக்‌ஷன்ல பெல்ட் ஜாயின்ட் போடற அண்ணன் காண்ட்ராக்ட். அங்க இருக்கற பாதி மேனேஜர்களுக்கு முன்னாடியே உள்ள வந்தவரு. காண்ட்ராக்டர் தான் மூணு நாலு தடவ மாறிருக்காங்க, ஆளு அதே ஆளு. ரெக்கார்ட்ல சர்வீஸே ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்குது, அப்புறம் எங்க சென்ட்-ஆஃப். கேட் பாஸ் ரெனியூ ஆகல, அவ்ளோ தான். நாங்களே ஷிப்ட் மாறற நேரத்துல டூல் ரூம் வாசல்ல நின்னு காசு போட்டு ஒரு வாட்ச் கொடுத்தோம், ரெண்டு ஷிப்டும் இருந்துச்சு. ஃபோர்மேன் மைக் இல்லாமலே பேசினாரு, எந்த ராத்திரி எந்த பெல்ட் அறுந்துச்சு, விடியறதுக்குள்ள இவரு எப்படி ஓட்ட வச்சாருன்னு ஒண்ணொண்ணா. நடுவுல அண்ணனே "அது நாலாம் நம்பர் இல்லப்பா, ஆறு"ன்னு திருத்தினாரு. மேனேஜ்மென்ட்ல இருந்து யாரும் வரல. நாங்களும் கூப்பிடல.